ஒளிராத கல்

நார்சாக்கில் எல்லோருக்கும் தெரிந்தது
அந்த இளஞ்சிவப்புக் கல்தான்.
கறுப்பு விளக்கை நீட்டினால் கங்குபோலச் சிவக்கும்.
கப்பலில் வருகிறவர்கள் விலை கேட்பார்கள்.
நான் தேடிப் போவது
விளக்குக்குப் பதில் சொல்லாத இன்னொன்றை.

"கதிர்வீச்சு என்றால் பச்சையாக ஒளிரும்தானே?"
எஞ்சினை அணைத்தபடி பவியா கேட்டான்.
அவன் பார்த்த படங்களில் அப்படித்தான்.
ஒளிர்வது வேறு, இது வேறு என்று சொல்லிவிட்டு இறங்கினேன்.
செப்டம்பர். பாறை இடுக்குகளில்
உப்புப் பூத்ததுபோல் முதல் பனி.

இரண்டு மணி நேர ஏற்றம்.
தோளில் தொங்கிய கருவி
டிக் என்றது, வெகுநேரம் கழித்து
டிக் டிக் என்றது.
மலையின் சாதாரணப் பேச்சு அவ்வளவுதான்.
வெள்ளைப் பாறை நரம்பு ஒன்றின் ஓரத்தில்
சொல் சொல்லாகப் பேசுவதை அது விட்டது:
தகரக் கூரையில் ஆலங்கட்டி.

காற்று முதுகுப் பக்கமிருந்து வரும்படி
முழங்காலிட்டேன்.
பழுப்பா கறுப்பா என்று இன்னும் தீர்மானிக்காத நிறம்.
உடைந்த இடத்தில் இறுகிய பாகின் மினுப்பு.
பக்கத்தில் கிடந்த கறுப்புக் கல்
தகடு தகடாகப் பிளந்திருந்தது, அது வேறு சாதி.
இது பிளக்காது, சிப்பியின் உட்புறம்போல் வளைந்து உடையும்.
மேல்சட்டையைக் கூடாரமாக்கி
உள்ளே விளக்கைப் போட்டேன்.
நரம்பு முழுக்கச் சிவந்தது.
இது மட்டும்
பல் விழுந்த இடம்.

ஸ்டீன்ஸ்ட்ரூபின்.

பவியா சுத்தியலை எடுத்தான். வேண்டாம் என்றேன்.
தூசிதான் இதற்குக் கால்,
அதை வைத்துத்தான் ஆளுக்குள் நடந்து வரும்.
தண்ணீர் தெளித்து, தானாக உதிர்ந்து கிடந்ததில்
விரல்நுனி அளவு ஒன்றை
இடுக்கியால் எடுத்தேன்.
ஒரு பை. அதன்மேல் ஒரு பை.
அதன்மேல் பழைய வெண்ணெய் பிஸ்கட் டப்பா.
கைமுட்டி அளவுத் துண்டுகளும் இருந்தன,
அழகானவை. அங்கேயே இருக்கட்டும்.

காய்ந்த கபெலின் மீன் ஒன்றை
பவியா என் உதட்டருகே நீட்டினான்.
வாயைத் திறக்காமலே தலையாட்டினேன்.
"கோபமா?"
ஓடை வரும்வரை பதிலில்லை.
கையுறையைக் கழற்றிப் பையில் கட்டி,
கையை, முகத்தை, உதட்டைக் கழுவிய பிறகுதான்
கோபமில்லை என்றேன்.
அதற்குள் மீனை அவன் மடித்து வைத்துவிட்டான்,
கொஞ்சம் கோபமாக.

படகின் மூக்கில் டப்பா, நடுவில் நான், பின்னால் அவன்.
இரண்டு மடங்கு விலகினால் கால் பங்குதான்.
பள்ளியில் படித்த கணக்கில்
எனக்கு உதவியது அது ஒன்றே.

அந்த மலையைத் தோண்டலாமா கூடாதா என்று
ஒரே மேசையில் சாப்பிட்டவர்கள்
பேச்சை நிறுத்திக்கொண்ட ஊர் இது.
என் அக்கா இவாலு ஒரு பக்கம், அவள் கணவன் மறுபக்கம்,
படுக்கை மட்டும் ஒன்று.
கரையில் நின்றவர்கள் டப்பாவைப் பார்த்ததும்
ஆண்டுக்கணக்கில் முதல் முறையாக
ஒரே குரலில் கேட்டார்கள்:
"வீட்டுக்கா கொண்டுபோகிறாய்?"

வீட்டுக்கில்லை.
அருங்காட்சியகத்தின் பின்கட்டில், யாரும் உட்காராத அறையில்,
ஜன்னல் திறந்தே இருக்கும் அலமாரிக்கு.
அட்டையில் எழுதினேன்: பெயர். இடம். நாள்.
தொடும் தூரத்தில் எத்தனை டிக், கை நீளத்தில் எத்தனை.
கடைசியில் "நிலை" என்று ஒரு கட்டம்.

வெளியே படிகத்தின் முகங்கள்
இன்னும் வரப்பு பிசகாமல் இருக்கின்றன.
உள்ளே, தன் கதிராலேயே தன் ஒழுங்கை இடித்துக்கொண்டு
எப்போதோ வெறும் கண்ணாடியாகிவிட்டது,
இந்தக் கரையில் முதல் கூடாரம் விழுமுன்பே.
"அப்போ இது முதலில் கெடுத்தது யாரை?"
பவியா தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான்.
தன்னைத்தான் என்றேன்.
கட்டம் மிகச் சிறியது.
"நன்று" என்று எழுதினேன்.

பிறகு சட்டைக் கையை, விரல்களை,
பூட்ஸின் அடியைக் கருவிக்குக் காட்டினேன்.
டிக்.
வெகுநேரம் கழித்து, டிக்.
பூஜ்ஜியம் வராது.
அது வரட்டுமென்று காத்திருந்தால்
யாரும் சாப்பிட முடியாது.

அந்த மீனைக் கொடு என்றேன்.